மூன்று ஃப்ரேம் தாமதம்

பூங்கோதைக்கு அறுபத்திரண்டு வயது. அதை அவள் மறைத்ததும் இல்லை, யாரும் கேட்காமல் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆதாரில் இருக்கிறது, பென்ஷன் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் கட்சி. ஆனால் அந்த வயதையே ஒருத்தன் குற்றமாக எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு தடவை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி அனுப்பினால், எந்த மனுஷிக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அனுப்பியவன் பிரேம்குமார். சென்னையில் ஒரு டப்பிங் கம்பெனியில் பொறுப்பாளன்; முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வங்காளி சீரியல்களைத் தமிழாக்கி, கைபேசியில் பார்க்கிறவர்களுக்கு விடுகிற கம்பெனி அது. வங்காளியும் தமிழும் ஒரே வாயில் சரளமாக வருகிற குரல் வேண்டும் என்று தேடியபோது, கொல்கத்தா லேக் கார்டன்ஸில் ஓர் இரண்டாம் மாடி வீட்டில் ஓய்வாக உட்கார்ந்திருந்த பூங்கோதை அகப்பட்டாள். ஜமீன் வீட்டு சீரியல் ஒன்றில் குடும்பத்தையே ஆட்டிவைக்கும் விதவை அத்தைக்குக் குரல் கொடுக்க வேண்டும். நாற்பது எபிசோடு ஓடிவிட்டது. அத்தையின் குரலுக்காகவே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பிரேம்குமாரே ஒருநாள் சொன்னான். அந்த நாட்களில் அவள் அவனுக்கு ‘அம்மா’, அவன் அவளுக்கு ‘தம்பி’.

அதற்கு முன்பு அவள் பார்த்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து வந்து கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறிய ஃபிட்டரின் மகள் அவள். இருபத்திரண்டு வயதில் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, கடைசி இருபத்தாறு வருடமும் வண்டிகளின் தாமதத்தைக் கவனிக்கிற பிரிவில் கழித்தாள். எந்த வண்டி, எந்த இடத்தில், எத்தனை நிமிடம் தாமதம், காரணம் என்ன. தினமும் இதுதான் வேலை. காரணம் என்ற கட்டம் நிரம்பாமல் ஒரு தாளும் அவள் மேஜையைத் தாண்டியதில்லை. சிக்னல், எஞ்சின், தண்டவாளத்தில் மாடு, சங்கிலி இழுப்பு என்று காரணங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. ‘ஆள்’, அதாவது மனுஷன் செய்த தவறு, என்பது அதில் கடைசி வரிசை. எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல்படுகிற அதிகாரிகள் மட்டும் எடுத்த எடுப்பில் அதைத்தான் எழுதுவார்கள். அவர்களோடு சண்டை போட்டே அவளுக்குத் தலை நரைத்தது.

டப்பிங் வேலை வந்ததும் வீட்டில் அரிசி டின்னும் டிரங்குப் பெட்டியும் கிடந்த சின்ன அறையைக் காலி செய்தாள். நாலு சுவரிலும் ரஜாய்களை, குளிர்காலத்துப் பஞ்சுப் போர்வைகளை, தொங்கவிட்டாள். நடுவில் மைக். ரஜாய்கள் தெருச் சத்தத்தை வடிகட்டின; லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனைக் கடக்கிற லோக்கல் ரயிலை மட்டும் எந்த ரஜாயும் தடுக்காது. அதனால் என்ன? எந்த வண்டி எப்போது வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒரு லோக்கலுக்கும் அடுத்த லோக்கலுக்கும் நடுவில் வசனத்தை முடித்துவிடுவாள்.

முதலில் லேப்டாப்பை உள்ளேயே வைத்திருந்தாள். படம் ஓட ஓட அது சூடேறி இரைந்தது. “அம்மா, பின்னாடி மாவு மிஷின் ஓடுற மாதிரி கேக்குது. கம்ப்யூட்டர வெளில வெச்சுட்டு, உள்ள தனியா ஒரு மானிட்டர் வெச்சுக்கங்க,” என்றான் பிரேம்குமார். சொன்னது நியாயம்தான். வீட்டில்தான் ஒரு டி.வி. சும்மா கிடக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. அது அவள் கணவர் துரைசாமியின் படுக்கையறை டி.வி. சும்மா கிடக்கவில்லை, அவர் அதில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்து டி.வி.யில் பார்க்கலாம் என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாம் அவளே செய்தாள். டிரங்குப் பெட்டியின் மேல் டி.வி.யை, கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி ஏற்றினாள். நேர் எதிரே வைத்தால் குரல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி மைக்கில் விழுந்தது. கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்ததும் சரியாயிற்று. கேபிளைக் கதவுக்கு அடியில் விட்டு, இடுக்கில் பழைய துண்டைத் திணித்தாள். லேப்டாப்பில் தெரிவது டி.வி.யிலும் அப்படியே தெரிந்தது. மூல வசனம் கேட்க வேண்டுமே, ஹெட்போன் கம்பியை டி.வி.யின் முதுகிலிருந்த துளையிலேயே செருகினாள். அந்த ஒரு காரியத்தில்தான் வினை இருந்தது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தன் கைவேலையைப் பார்த்து ஒரே பெருமை.

ஐந்து எபிசோடு அனுப்பினாள். இரைச்சல் இல்லை, எதிரொலி இல்லை. ஆறாம் நாள் பிரேம்குமார் கூப்பிட்டான்.

“அம்மா, சவுண்டு சூப்பர். ஆனா எல்லா லைனும் லேட்டா விழுதும்மா. அத்தை வாயத் திறந்தப்புறம்தான் உங்க குரல் வருது. தப்பா நினைக்காதீங்க. வயசானா ரிஃப்ளெக்ஸ் கொஞ்சம் குறையும். இயற்கைதானே.”

“யாருக்குக் குறைஞ்சிருக்கு?”

“ஷீட் அனுப்பியிருக்கேன், பாருங்கம்மா. மேலிடத்துல பேசிட்டோம். அடுத்த வாரத்துலேருந்து அத்தைக்கு இங்கேயே ஒருத்தர வெச்சுக்கறோம். உங்களுக்கு சின்னச் சின்ன கேரக்டர் தர்றேன். கும்பல்ல பேசறது, கோயில்ல நிக்கற பாட்டி, அந்த மாதிரி.”

ஷீட்டைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வசனம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஃப்ரேம் தாமதம் என்ற எண். அதற்குப் பக்கத்தில், அவள் வாழ்நாளெல்லாம் நிரப்பிய அதே கட்டம், காரணம். அதில் மேலிருந்து கீழ்வரை: வயது, வயது, வயது. ஒவ்வொன்றாகக்கூட எழுதவில்லை. முதல் கட்டத்தில் எழுதி, பிடித்துக் கீழே இழுத்துவிட்டிருக்கிறான். பூங்கோதைக்கு அழுகைதான் முதலில் வந்தது. நிஜமாகவே தளர்ந்துவிட்டோமோ என்று பயந்து போனாள்.

துரைசாமி நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களின் ஆறுதல்தான் சில நேரம் தாங்காது. “விடு கோதை. எவ்ளோ நாள்தான் உழைப்ப? எனக்குக்கூட இப்பல்லாம் பஸ் நம்பர் படிக்கறதுக்குள்ள பஸ் போயிடுது,” என்றார்.

“உங்க கண்ணாடிய மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன்,” என்று வெடித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று நாள் தன்னையே விரட்டினாள். அத்தை வாய் திறப்பதற்கு முன்பே பேசிப் பார்த்தாள். ஒன்று முன்னால் விழுந்தது, ஒன்று பின்னால், ஒன்று பொருந்தியது, அடுத்தது எங்கேயோ போயிற்று. பதிந்ததை ஓட்டிப் பார்த்து அலுத்துப்போய், நான்காம் நாள் மத்தியானம் மறுபடி ஷீட்டை எடுத்தாள். அதுவரை காரணத்தையே பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தவள், அன்றுதான் எண்களைப் பார்த்தாள்.

மூன்று, மூன்று, மூன்று, மூன்று. நடுவில் எங்கோ ஒரு நான்கு. மறுபடி மூன்று, மூன்று. பக்கம் பக்கமாக மூன்று. நூற்று நாற்பதாவது வரியில் மட்டும் பதினொன்று. அது ஏன் என்று அவளுக்கே தெரியும். மற்றபடி மூன்று. நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம் என்றால் மூன்று ஃப்ரேம் நொடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. திங்கட்கிழமையும் அதே எட்டில் ஒரு பங்கு, வெள்ளிக்கிழமையும் அதே எட்டில் ஒரு பங்கு.

பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழைய கேஸ் ஒன்று கண்முன் வந்து நின்றது. ஒரு பாசஞ்சர் வண்டி தினமும் ஒரே ஸ்டேஷனுக்கு நாலு நிமிடம் தாமதமாகப் போகிறது என்று எழுதி வந்தது. டிரைவர் மந்தம், நடவடிக்கை எடு என்றார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மனுஷன் தாமதமானால் ஒருநாள் இரண்டு நிமிடம், ஒருநாள் ஒன்பது நிமிடம் ஆவான். நாள் தவறாமல் நாலு நிமிடம் என்றால் அது மனுஷன் வேலை இல்லை என்று குறிப்பு எழுதினாள். ஆளனுப்பிப் பார்த்தார்கள். ஸ்டேஷன் கடிகாரம் நாலு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்த டிரைவர் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு அலுவலகத்துக்கு வந்து நின்றது அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“ஏங்க! உங்க போன எடுத்துட்டு வாங்க. உடனே!”

லேப்டாப்பில் ஸ்டாப்வாட்ச் ஒன்றை ஓடவிட்டாள். நொடியை நூறாகப் பிரித்துக் காட்டுவது. அதே ஓட்டம் டி.வி.யிலும். கதவை விரியத் திறந்து, லேப்டாப்பை டி.வி.க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். “ரெண்டும் சேந்து தெரியற மாதிரி போட்டோ எடுங்க.”

துரைசாமி எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “லேப்டாப்புல அறுபது. டி.வி.ல நாப்பத்தெட்டு. என்னடி இது, டி.வி. பின்னாடி வருது?”

“இன்னொண்ணு எடுங்க.”

இருபது போட்டோ எடுக்க வைத்தாள். ஒரு போட்டோவை வைத்து யாரும் காரணம் எழுத மாட்டார்கள். பன்னிரண்டு, பதிமூன்று, பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு. நூறில் பன்னிரண்டு என்றால் இருபத்தைந்தில் மூன்று. டி.வி. படத்தை வாங்கி, மெருகேற்றி, சாவகாசமாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஹெட்போனும் அதன் முதுகிலேயே இருந்ததால் ஒலியும் படமும் கைகோத்துக்கொண்டு தாமதமாக வந்தன. அவளுக்கு எல்லாம் பொருந்தித்தான் தெரிந்தது. அவளும் பொருத்தமாகத்தான் பேசியிருக்கிறாள். அந்தப் பழைய டி.வி.யில் மெருகேற்றுவதை நிறுத்தவும் வழி இல்லை.

“அப்ப நான் பாத்த சிக்ஸரெல்லாம்?” என்று கவலையாகக் கேட்டார் துரைசாமி.

“எல்லாம் ஆறிப்போன சிக்ஸர். எடுத்துட்டுப் போங்க உங்க டி.வி.ய,” என்றாள். நான்கு நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

பிரேம்குமாரிடம் போனில் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். “அப்படியாம்மா? சரி, டி.வி.ய மாத்திடுங்க. ஆனா மேல சொல்லியாச்சே. இப்ப திருப்பிச் சொன்னா நல்லா இருக்காது. அடுத்த சீரியல்ல பாக்கலாம்மா.”

“சரி, பிரேம்குமார் சார்,” என்றாள். தம்பி, சார் ஆனது அந்த நிமிடம்தான்.

அன்று மாலையே கம்பெனியின் தயாரிப்புத் தலைவி தேவிப்ரியாவுக்கு மெயில் போயிற்று. பொருள், பார்வை, விவரம், முடிவு என்று ரயில்வே முறைப்படி நாலு பகுதி. இருபது போட்டோவும் இணைப்பு. கடைசிப் பத்தியில் ஒரே கோரிக்கை: ‘நான் இதுவரை பார்க்காத ஒரு காட்சியை நேரடி இணைப்பில் எனக்கு அனுப்புங்கள். உங்கள் முன்னிலையில் பேசுகிறேன். தாமதமானால் கோயிலில் நிற்கும் பாட்டியாக நானே சந்தோஷமாகப் போய் நிற்கிறேன். ஆகவில்லை என்றால், காரணம் என்ற கட்டத்தில் எழுதியதை எழுதியவரே மாற்ற வேண்டும்.’ மறுநாளே பதில் வந்தது. வியாழக்கிழமை மூன்று மணி.

புதன்கிழமை காலை லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் கொல்கத்தாவின் சாந்தினி சௌக் கடைத்தெருவுக்குப் போனாள். கடைக்காரன் அவளைப் பார்த்ததும், “வாங்க மாசிமா, சீரியல் பாக்கவா? பெருசா ஒரு டி.வி. காட்டறேன்,” என்றான் வங்காளியில். மாசிமா என்றால் சித்தி, பெரியம்மா எல்லாம்.

“சீரியல் பாக்க இல்ல, பேச,” என்று அவளும் வங்காளியிலேயே சொல்லி, அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “டி.வி. வேண்டாம், கம்ப்யூட்டர் மானிட்டர் காட்டு. ஒவ்வொண்ணா இதுல மாட்டு.”

அவன் மாட்டினான். அவள் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுப் போட்டோ எடுத்தாள். முதலாவது நூறில் ஐந்து பின்தங்கியது; தள்ளிவிட்டாள். இரண்டாவது சரியாக இருந்தது. அதை ஆள் நடமாட்டம் இல்லாத பின்கட்டுக்குத் தூக்கிவரச் சொல்லி, வெளிச்சத்தைக் குறைத்து, அதன் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். கொசு மாதிரி ஒரு ரீங்காரம். அதையும் தள்ளினாள். கடைக்காரன் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நின்றான். நாலாவது மானிட்டர் பின்தங்கவும் இல்லை, முனகவும் இல்லை.

“மாசிமா, நீங்க என்ன எஞ்சினியரா?” என்றான் பெட்டியைக் கட்டிக்கொண்டே.

“தாமதத்தப் பிடிக்கற வேலை,” என்றாள். அவனுக்குப் புரிந்திருக்காது. அதைப்பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

டிரங்குப் பெட்டியின் மேல் புது மானிட்டர் உட்கார்ந்தது, அதே பக்கவாட்டுத் திருப்பலோடு. ஹெட்போனுக்கு இந்த முறை தனிக் கம்பி, நேராக லேப்டாப்பிலிருந்து. கதவைச் சாத்திய பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வசனம் பதிந்து, ஓட்டிப் பார்த்தாள். அத்தையின் உதடும் அவள் குரலும் ஒன்றாகத் திறந்தன. இன்னும் பத்து வசனம் பதிந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குத் திரையின் ஓரத்தில் இரண்டு முகங்கள் தெரிந்தன. கண்ணாடி போட்ட தேவிப்ரியா. தலையைக் குனிந்துகொண்டு பிரேம்குமார்.

“ஆரம்பிக்கலாமா மேடம்?” என்றாள் தேவிப்ரியா.

“ரெண்டு நிமிஷம் பொறுங்க. ஒரு லோக்கல் வரணும்.”

லோக்கல் வந்தது, போயிற்று. “இப்ப பத்து நிமிஷம் நமக்கு,” என்றாள் பூங்கோதை.

காட்சி ஓடியது. தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டு, அத்தையைக் காசிக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அத்தை முற்றத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். ‘என்னைக் கிளப்பணும்னா நாற்காலியோட தூக்குங்கடா, பாக்கலாம்!’ தாளைப் பார்த்துக்கொண்டே, அத்தையின் உதட்டையும் பார்த்துக்கொண்டே பூங்கோதை பேசினாள். கோபத்தை வரவழைத்துக்கொள்ள அவசியம் இருக்கவில்லை. ஒரு வாரக் கோபம் கைவசம் இருந்தது. பதினெட்டு வசனம், ஒரே மூச்சு. அறைப் புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டியது. மின்விசிறி போட முடியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அங்கே அளந்தார்கள். பிரேம்குமார்தான் வாசிக்க வேண்டியிருந்தது. “ஜீரோ. ஜீரோ. ஒண்ணு. ஜீரோ. ஜீரோ...” பாதியிலேயே தேவிப்ரியா கையைக் காட்டி நிறுத்தினாள். “போதும் பிரேம். அத்தை மேடம்தான். அந்த அஞ்சு எபிசோடையும் மூணு ஃப்ரேம் முன்னால தள்ளிக்கங்க. மேடம், சாரி.” தேவிப்ரியாவின் முகம் மறைந்தது.

பூங்கோதைக்கு உள்ளே ஜில்லென்றிருந்தது. துள்ளிக் குதிக்கலாம் போல ஒரு சந்தோஷம். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“பிரேம்குமார் சார், ஷீட்டு?”

“மாத்திடறேன் மேடம். ஒரே நிமிஷம். மேல ஒண்ணு அடிச்சு இழுத்துவிட்டா முடிஞ்சுது.”

“இழுத்துவிட்டுத்தான் போட்டீங்க. மாத்தறப்ப ஒண்ணொண்ணா பாத்து மாத்துங்க. நான் இங்க பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

அவன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். ஷீட் இரண்டு பேர் திரையிலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தது. புது மானிட்டரில் முதல் கட்டத்தில் ‘வயது’ அழிந்து ‘டி.வி.’ வந்தது. அடுத்தது. அடுத்தது. துரைசாமி கதவைத் திறந்து தலையை நீட்டினார். தேநீர் தம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவரும் கதவோரம் நின்று பார்க்க ஆரம்பித்தார். இரண்டு லோக்கல் போயிற்று. பிரேம்குமார் எண்ணைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு போகிறான் என்பது அவன் வேகத்தில் தெரிந்தது.

“நில்லுங்க. நூத்தி நாப்பதாவது வரி.”

“அதையும் டி.வி.ன்னு மாத்திட்டேனே மேடம்.”

“அது டி.வி. இல்ல. எண்ணப் பாருங்க, பதினொண்ணு. அன்னிக்கு அடுப்புல பால் வெச்சேனா அணைச்சேனான்னு யோசிச்சுட்டு இருந்தேன். அது என் தாமதம்.”

“பரவால்ல மேடம், இருக்கட்டும்.”

“இருக்கக் கூடாது. பொய்க் காரணம் எழுதி நான் ஒரு தாளையும் அனுப்பினதில்ல.”

பிரேம்குமார் தயங்கினான். “அப்ப அதுக்கு மட்டும் வயசுன்னே போடவா?”

“இருபத்தஞ்சு வயசுலயும் பால பொங்க விட்டவதான் நான். வயசு இல்ல சார். ஆள். பேர போடுங்க, பூங்கோதைன்னு.”

திரையில் நூற்று நாற்பதாவது கட்டம் வெறுமையாயிற்று. பிறகு எழுத்து எழுத்தாக அவள் பெயர் அதில் வந்து நின்றது. பிழையில்லாமல்தான் எழுதியிருந்தான்.

பூங்கோதை தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

“இன்னும் எழுபத்திரண்டு இருக்கு சார்,” என்றாள்.